நைவாஷா சரிவில் கேட்ட பொலி

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் "டிக்கெட் எடுத்துச்சா?" என்று கேட்கிற ஆள் நான். பதுளை – பசறை ரோட்டில் பாதி ஆயுசைப் பிரைவேட் பஸ் கண்டக்டராகவே கழித்தவன். எங்கள் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி அங்கே கை காட்டி நிறுத்துவாளாம். கடைசி பஸ்ஸில் வரும்போதெல்லாம் நான் அந்த இடத்தில் வேண்டுமென்றே மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "ஏறு தங்கச்சி, உள்ள எடமிருக்கு!" என்று கூவியிருக்கிறேன். ஒருத்தியும் ஏறியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

என் மனைவி லெச்சுமி பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். ஒருநாள் காலையில் மலையில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அப்புறம் எழும்பவில்லை. எங்கள் ஒரே மகள் நிரோஷா அப்போது கென்யாவில் இருந்தாள், நைரோபிக்கு வெளியே ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவள் வந்து சேரும்வரை உடம்பை வைத்திருக்க முடியாது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். சரி, வீடியோ காலில் காட்டுவோம் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழியோரம் நின்றேன். தோட்டத்துச் சிக்னல் உங்களுக்குத் தெரியும்தானே, மரம் அசைந்தால் போய்விடும். சரியாகப் பெட்டியை மூடப்போகிற நேரம் படம் அப்படியே உறைந்துபோனது. அவளுக்குத் தெரிந்தது அம்மாவின் முகம் இல்லை, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய கறுப்புக் குடை. திரும்ப லைன் கிடைத்தபோது மண் போட்டாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை அழவில்லை. தினமும் போன் எடுப்பாள். "சாப்ட்டீங்களாப்பா? அங்க மழையா?" அவ்வளவுதான். 'அம்மா' என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. நான் பஸ்ஸில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். சிரிக்கவும் மாட்டாள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வருவாள் என்று பார்த்தால், நீட்டிக்கொண்டாள். இது சரிப்படாது, நேரில் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், முடியாவிட்டால் ஒருமுறையாவது அழவைத்துவிட்டு வரவேண்டும் என்று முடிவெடுத்தேன். அவளிடம் "ஆப்பிரிக்கா பாக்க ஆசையா இருக்கு புள்ள" என்று மட்டும் சொன்னேன். டிக்கெட் அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டாளிகள் என்னைப் பிளேன் ஏற்றி அனுப்பியதே பெரிய வேடிக்கை. "ராமையாண்ணே, சிங்கத்துக்கிட்ட மிச்சக் காசு இல்லன்னு மட்டும் சொல்லிறாதீங்க!"

போனதும் நிரோஷா சொன்னாள், ரெண்டு நாள் லீவு போட்டிருக்கிறாளாம், மிருகங்கள் இருக்கிற பார்க் ஒன்றுக்குக் கூட்டிப் போகிறாளாம். லெச்சுமிக்கு ஒட்டகச்சிவிங்கி என்றால் உயிர். டிவியில் பார்த்துவிட்டு "அந்த நெட்டக் கழுத்து மாட்ட ஒருக்கா நேர்ல பாக்கணுங்க" என்பாள். ஜீப் சவாரியெல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. ஏழைகள் மிருகம் பார்க்கிற முறை அங்கே வேறு: பஸ்ஸில் போய், சைக்கிளில் உள்ளே நுழைந்து, வாடகைக் கூடாரத்தில் படுப்பது.

பஸ் என்றா சொன்னேன்? வேன். அதற்கு மத்தாத்து என்று பெயர். உள்ளே ஆட்களை அடுக்கிய விதத்தைப் பார்த்து எனக்குத் தொழில் பொறாமையே வந்துவிட்டது. கண்டக்டர் பையன் வெளியே தொங்கிக்கொண்டு கூரையில் காசால் தட்டுகிறான், வண்டி நிற்கிறது, இன்னொரு தட்டு, போகிறது. மொழி தெரியாது, ஆனால் அவன் கூவியது அத்தனையும் எனக்குப் புரிந்தது. நான் எழும்பி ஒரு அம்மாவுக்கு இடம் கொடுத்து, இரண்டு பேரை உள்ளே தள்ளி, கதவையும் சாத்திவிட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சலாம் போட்டான். நிரோஷா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நைவாஷா டவுனில் இறங்கி, ஏரியோரமாகப் போகிற இன்னொரு வண்டி பிடித்து, சந்தியில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். உள்ளே போனால், கடவுளே, ரோட்டோரத்தில் வரிக்குதிரை நிற்கிறது, நம் ஊரில் மாடு நிற்கிற மாதிரி. நான் பெல் அடித்து வழி கேட்டேன். கொஞ்ச தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி. ஒன்று இல்லை, ஒரு குடும்பமே முள்மரத்தில் தலையை வைத்துக்கொண்டு நின்றது. "லெச்சுமி, பாருடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நிரோஷா சைக்கிளை மிதித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

கூடாரம் போடுகிற இடம் ஒரு குன்றின் மேலே. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கக்கூசு, நிறையக் குரங்குகள், அவ்வளவுதான். அங்கிருந்த காவல்காரர் நிரோஷாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் வந்துவிட்டாயா என்கிற மாதிரி என்னவோ இங்கிலீஷில் கேட்டார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் கட்டிக்கொண்டு போன ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

"கூடாரத்த அங்க போடுவோமே, கக்கூசுப் பக்கம்" என்றேன்.

"இல்லப்பா. இங்கதான்" என்று அவள் சரிவின் விளிம்பைக் காட்டினாள். இருட்டியதும் வெளியே வரக்கூடாது, காட்டெருமை நடமாடும் என்று காவல்காரர் சொல்லிவிட்டுப் போனார். ஆளுக்கொரு சின்னக் கூடாரம், பக்கத்தில் பக்கத்தில்.

விடியப்போகிற நேரம் எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஏதோ உரசுகிற சத்தம். எருமைதான் என்று முடிவு செய்தேன். கதிர்காமத்து முருகனைக் கூப்பிட்டேன், அந்தோனியாரைக் கூப்பிட்டேன், புத்தரையும் விடவில்லை. யாரும் வராததால் மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்தால், உரசிக்கொண்டிருந்தது காற்றில் அவிழ்ந்துபோன என் கூடாரத்துக் கயிறு. இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறிச் சரிவு முழுவதையும் மூடியிருந்தது. அதே குளிர், அதே ஈர வாசனை. தோட்டத்தில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிற காலைநேரம் மாதிரியே இருந்தது.

அப்போதுதான் கேட்டது.

"பொலியோ... பொலி..."

மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். பெரட்டில் பேர் பதிந்து மலை ஏறியதும் ஆளுக்கொரு நிரையில், அதாவது தேயிலைச் செடி வரிசையில், நிற்பார்கள். முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன் ஒருத்தி 'பொலி' சொல்வாள், விளைச்சல் பெருகட்டும் என்று. எங்கள் டிவிஷனில் அதற்குப் பதில் வந்தால்தான் செடியில் கை வைப்பார்கள். மூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியாது, எல்லோரும் வந்து நின்றாயிற்றா என்பதே அந்தப் பதிலில்தான் தெரியும். பதில் வரும்வரை சொன்னவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பதில் வந்துவிட்டால் கூப்பிடமாட்டாள். வேலை தொடங்கிவிடும். எங்கள் மலையில் லெச்சுமிதான் பொலி சொல்வாள். வாய்ராசிக்காரி என்பார்கள். கடைசி எழுத்தை ஒரு விக்கல் மாதிரி மேலே தூக்கிவிடுவாள். நான் கலியாணத்துக்கு முன்னாலேயே மயங்கியது அந்த விக்கலில்தான்.

நம்பினால் நம்புங்கள். சரிவுக்குக் கீழேயிருந்து வந்தது அந்த விக்கல்தான். சந்தேகமே இல்லை.

"பொலியோ... பொலி..."

நான் வந்த காரியம் அங்கேயே சாரத்தில் முடிந்துவிட்டது, மறைத்து என்ன பிரயோசனம். ஓடவேண்டும் என்று புத்தி சொல்கிறது, கால் கேட்கவில்லை. வாய் மட்டும் சொந்தமாக வேலை செய்தது. லயத்தில் பிறந்த வாய் அல்லவா, யோசிக்காது.

"பொலி!" என்று பதில் சொல்லிவிட்டேன்.

நின்றுபோனது. சுவிட்சை அணைத்த மாதிரி.

பக்கத்துக் கூடாரத்தின் ஜிப் கிழிகிற மாதிரித் திறந்தது. நிரோஷா முட்டி போட்டபடியே வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எருமையே பரவாயில்லை என்று தோன்றியது.

"ஏம்பா பதில் சொன்னீங்க?"

"ஒனக்கும்... கேட்டுச்சா புள்ள?"

"லீவு கெடச்சா நான் எங்க வர்றேன்னு நெனக்கிறீங்க? ஃபேக்டரி புள்ளைங்களோட டூர் வந்தப்பதான் மொத மொத கேட்டேன். அவளுங்க யாருக்கும் கேக்கல. அப்புறம் தனியாவே வருவேன். வெளிச்சம் வர்ற வரைக்கும் அந்தக் குரல் கூப்புட்டுக்கிட்டே இருக்கும்பா. நான் பேசாம படுத்துக் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒரு தடவகூட பதில் சொன்னதில்ல. சொன்னா அது வேலைய ஆரம்பிச்சிரும். அப்புறம் எதுக்குக் கூப்புடப் போவுது?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு..."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? டிக்கெட் எடுத்துச்சான்னு கேட்டிருப்பீங்க. உங்களுக்கும் கேக்கட்டும்னுதானே கூட்டிட்டு வந்தேன். நீங்க மட்டும் தனியா கெடக்குறீங்களேன்னு..."

"அம்மா" என்றாள். பெட்டி மூடிய நாளிலிருந்து வராத வார்த்தை. பிறகு அதையே சொல்லிக்கொண்டு, ஈரப் புல்லில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அழவைக்கத்தான் கடல் தாண்டிப் போனேன். அது நடந்தது. ஆனால் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஒரு குரலை நான் அணைத்துவிட்ட பிறகு நடந்தது.

அப்புறம் நான் செய்தது பைத்தியக்காரத்தனம். ஈரச் சாரத்தோடு சரிவில் இறங்கி ஓடினேன். எருமை, கழுதைப்புலி எதுவும் ஞாபகத்தில் இல்லை. "லெச்சுமி! தெரியாம சொல்லிட்டேன்! நாங்க இன்னும் நெரைக்கு வரல! இன்னொருக்கா கூப்புடு!" என்று கத்தினேன். எங்கேயோ குரங்குகள் கலைந்து ஓடின. அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. காவல்காரர்தான் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். நான் அழுதுகொண்டிருப்பது அவர் வெளிச்சம் அடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வெளிச்சம் வந்ததும் மூவரும் பார்த்தோம். அந்தச் சரிவு முழுக்க இடுப்பளவு உயரத்தில் சாம்பல் நிற இலையுள்ள ஒரு காட்டுச்செடி. அதில் ஒரே ஒரு வரிசையில், கீழேயிருந்து மேலே, செடிக்குச் செடி நுனி கிள்ளியிருந்தது. காம்பில் பால் இன்னும் காயவில்லை. ஒட்டகச்சிவிங்கி தின்றிருக்கும் என்றார் காவல்காரர். இருக்கலாம். ஆனால் அது இழுத்துத் தின்றால் கிளை கிழிந்திருக்கும். இது நகத்தால் கிள்ளியது. கொழுந்து எடுக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். எங்கள் பெண்கள் ஒரு நிரையில் ஏறினால் அடுத்த நிரையில் இறங்கி வருவார்கள். இங்கே ஏறிய வரிசை மட்டும்தான் இருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு இலையைக்கூட யாரும் தொடவில்லை.

அடுத்த விடியலுக்கும் காத்திருந்தோம். ஒரே கூடாரத்தில், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு. ஒன்றும் வரவில்லை.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு நிரோஷா ஊருக்கு வந்துவிட்டாள். இப்போது பதுளையில் ஒரு தையல் கடையில் வேலை. இப்போது அம்மாவைப் பற்றிப் பேசுகிறாள், நினைத்தால் அழுகிறாள். என்னோடு சண்டைகூட பிடிக்கிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம்.

ஒன்றே ஒன்றுதான். காலையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு "நிரோஷா" என்று கூப்பிடுவேன். பதில் வராது. திரும்பவும் கூப்பிடுவேன். அறையை எட்டிப் பார்த்தால் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள், கண்ணை மூடாமல், காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு. நான் திட்டுவதில்லை. திரும்ப அடுப்படிக்குப் போய், தேத்தண்ணி ஆறுகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.