கீப் என்றால் வைத்திரு

கோவில்பட்டியில் ஒருவரைப் பற்றி நல்ல செய்தி பரவ வேண்டுமென்றால் மாசக்கணக்கில் ஆகும். கேலியாக இருந்தால் மட்டும் ரயில்வே கேட் திறக்கக்கூடக் காத்திராது, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். யாரையும் கெடுக்க வேண்டும் என்று எண்ணிச் செய்கிறவர்கள் இல்லை. வெயிலில் காய்ந்து கிடக்கிற ஊருக்குச் சிரிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சொர்ணத்தாயின் பிழைப்பு அந்தச் சிரிப்பில்தான் மாட்டிக்கொண்டது.

அவளுக்குச் சொந்த ஊர் பசுவந்தனை. சம்சாரி வீட்டுப் பிள்ளை. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகிற கரிசல் காடு குடும்பத்துக்கு நிறையவே இருந்தது. நிலத்துக்குக் குறைவில்லை, மழைக்குத்தான் குறைவு. அப்பா இறந்த வருஷம் வானம் அடியோடு பொய்த்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை அண்ணன் இசக்கியப்பன் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, தூரத்து உறவில் மாமா முறையான பரமசிவன் முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில் சேர்த்துவிட்டான். கவுரவமான குடும்பத்துப் பெண், தரையில் உட்கார்ந்து தீக்குச்சி அடுக்க முடியாது என்று, அவளுக்கு முதலாளியின் அறையிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

வேலைக்கு வரும் பெண்களுக்குப் பேர் எழுதுவதுதான் ஆரம்பத்தில் அவள் வேலை. போகப் போக, எக்சைஸ் வரி ஆபீஸிலிருந்து வருகிற இங்கிலீஷ் கடிதாசிகளைப் படித்துச் சொல்வது, அவற்றுக்குப் பதில் எழுதுவது, சோதனைக்கு வருகிற அதிகாரி கேட்கிற தாள்களை எடுத்து நீட்டுவது என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் வந்து விழுந்தது. பரமசிவனுக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான் வரும். அவள் ஒரு நாள் வராவிட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிடுவார். சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவளை, அதிகாரி வந்துவிட்டார் என்று ஜீப் அனுப்பி, பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிப்போனார். "நம்ம சொர்ணம் இல்லாட்டா அங்கன ஒண்ணும் ஓடாது" என்று கல்யாண வீடே பெருமைப்பட்டது. ஜீப்பின் பின்சீட்டில், எச்சில் கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மட்டும் பெருமைப்படவில்லை. இவர்கள் என்னை விடவே மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் பேபி டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தாள். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் அவள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தாள். இலக்கணம் கிலக்கணம் எல்லாம் கிடையாது. ஒவ்வொருவராக எழுந்து தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். என்ன வேலை, அதில் என்ன கஷ்டம், அடுத்து என்ன ஆக ஆசை. வேலையைப் பற்றி என்றால் ஊமைக்கும் பேச்சு வந்துவிடும் என்பது டீச்சரின் கணக்கு. கணக்கு சரிதான். லேபிள் அச்சாபீஸில் வேலை பார்த்த கடற்கரை என்கிற பையன் எழுந்து, "மை மேனேஜர் டெய்லி பையிங் மை லைஃப்" என்றான். மேனேஜர் தினமும் என் உயிரை வாங்குகிறார் என்பதைத்தான் அப்படிச் சொன்னான். டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. தமிழ் பேசக் கூடாது. பேசினால் வெளியே மாடிப்படியில் போய் நிற்க வேண்டும். யாராவது வாய் தவறித் தமிழில் ஆரம்பித்தால் டீச்சர் ஆள்காட்டி விரலைத் தூக்குவாள். அந்த விரலுக்கு எல்லோரும் பயந்தார்கள்.

சொர்ணத்தாய் அங்கே போனதற்கு ஒரு காரணம் இருந்தது. பேபி டீச்சரின் அக்கா வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருந்தார். அங்கே டைப் அடிக்கவும் வருகிறவர்களிடம் பேசவும் ஒரு பெண் வேண்டும் என்று சொல்லியிருந்தார். இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷில்தான் இருக்கும். டைப்பிங் அவள் ஏற்கனவே பாஸ் செய்திருந்தாள். பேச்சு மட்டும்தான் பாக்கி. பெண்கள் தங்க அங்கே நல்ல விடுதி உண்டு என்று டீச்சர் பசுவந்தனைக்கே வந்து எடுத்துச் சொன்ன பிறகு, இசக்கியப்பன் அரை மனசாகத் தலையாட்டியிருந்தான். முதலாளிக்கு எதுவும் தெரியாது. அடுத்த மாசம் முதல் வாரம் இன்டர்வியூ. பசுவந்தனையிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொர்ணத்தாய் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முறை வந்தது. இருக்கிற வேலையை ஏன் விடுகிறாய் என்று இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள், அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வா என்று டீச்சர் சொல்லியிருந்தாள். சொர்ணத்தாய் ஒரு வாரமாக யோசித்தாள். முதலாளி கெட்டவர் இல்லை. திட்டுகிறவர் இல்லை. பிறகு ஏன் போக வேண்டும்? என்னைப் பிடித்து வைத்திருக்கிறார், விட மாட்டேன் என்கிறார், அங்கே இருந்தால் நான் கிழவியாகிற வரைக்கும் அந்த நாற்காலிதான். இதுதான் அவள் மனசில் இருந்தது. பிடித்து வைத்திருப்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று அகராதியைப் பார்த்தாள். 'வை' என்ற சொல்லுக்கு நேரே அந்த வார்த்தை இருந்தது. சின்ன வார்த்தைதான், சொல்லவும் சுலபம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

எழுந்து நின்று, நிமிர்ந்து பார்த்து, கணீரென்று சொன்னாள்.

"மை ஓனர் இஸ் கீப்பிங் மீ. சிக்ஸ் இயர்ஸ் ஹி இஸ் கீப்பிங் மீ."

பின்வரிசையிலிருந்து கிளம்பியது சிரிப்பு. இந்த வார்த்தையைத் தெரிந்துகொள்ள நம் பக்கத்தில் யாரும் இங்கிலீஷ் படிக்க வேண்டியதில்லை. இன்னாருக்கு இன்னார் கீப்பு என்பது தலையில் துண்டு கட்டினவனிலிருந்து கோட்டுப் போட்டவன் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த தமிழ். பெண்டாட்டி அல்லாத ஒருத்தியை ஒருவன் தனியாக வைத்திருந்தால் அவளுக்கு அந்தப் பெயர். சொர்ணத்தாய்க்கும் அது தெரியும். அகராதியில் பார்த்தபோது அது வேறு வார்த்தையாகத் தெரிந்தது. வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் இரண்டும் ஒன்று என்று உறைத்தது.

"டீச்சர், அது இல்ல..." என்று ஆரம்பித்தாள். பழக்க தோஷத்தில் பேபி டீச்சரின் விரல் மேலே போனது.

சொர்ணத்தாய் அந்த விரலைப் பார்த்தாள். தமிழில் இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். இங்கிலீஷில் அவளிடம் இருந்தது கொஞ்சம்தான். அதை வைத்துக்கொண்டு, "நோ, நோ. நாட் தட் கீப். அதர் கீப்" என்றாள். அதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. கடற்கரை பெஞ்சில் கவிழ்ந்து சிரித்தான். டீச்சருக்கு அப்போதுதான் விபரீதம் புரிந்தது. முகம் சிவந்து எல்லோரையும் அதட்டினாள். அந்த வார்த்தைக்கு உள்ள அர்த்தங்களைப் போர்டில் எழுதி விளக்கினாள். நல்ல எண்ணம்தான். ஆனால் அழிக்க மறந்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் டைப் அடிக்க வந்தவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டு, என்ன கதை என்று விசாரித்தார்கள்.

கதையைச் சொல்லக் கடற்கரை இருந்தான். டீக்கடையில் நடித்தே காட்டினான். அவன் மனசில் கள்ளம் கிடையாது, மேனேஜர் தன் உயிரை வாங்குகிற கதையையும் சேர்த்துத்தான் சொன்னான். கேட்டவர்கள் அவன் கதையை அங்கேயே விட்டுவிட்டு அவள் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். வார முடிவில், இங்கிலீஷ் வகுப்பு என்பதே கதையிலிருந்து கழன்றுவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெண் தானே ஒப்புக்கொண்டாளாம் என்பது மட்டும் மிஞ்சியது. எனக்கு இந்த ஊர் மேல் கோபம் என்றால் அது இதற்குத்தான்.

இசக்கியப்பன் உளுந்து போடக் கமிஷன் மண்டிக்கு வந்தபோது அவன் காதிலும் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"ஒருத்தன் கேக்கான், 'ஒன் தங்கச்சிய மொதலாளி நல்லா வச்சிருக்காராமே'ன்னு. நான் அவனுக்கு என்னன்னு பதில் சொல்ல?"

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் நம்பினான். தங்கச்சி மேல் அவனுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. நம்பியதால்தான் அவ்வளவு நிதானமாகப் பேசினான்.

"ஏட்டி, நீ இப்ப வேலைய விட்டுட்டுத் தூத்துக்குடிக்குப் போனேன்னு வையி, அது உண்மைன்னு ஆயிரும். குட்டு வெளிப்பட்டுப் போச்சு, அதான் ஓடிட்டாம்பான்."

"அங்கனயே இருந்தா?"

"இருந்தா, ஒண்ணும் இல்லாததுனாலதான தைரியமா இருக்கான்னு நாலு பேராவது நெனைப்பாவ."

"மத்தவிய?"

கொஞ்ச நாள், பேச்சு அடங்குகிற வரைக்கும் என்று மட்டும் சொன்னான். அம்மா பாலம்மாள் அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். போனால் ஓடிப்போனவள், இருந்தால் அவர் வைத்திருப்பவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வார்த்தை வாசலில் நின்றது.

பரமசிவன் முதலாளியும் கேள்விப்பட்டார். அவளைக் கூப்பிட்டு, அவர் வீட்டம்மாளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, நீ எங்கள் வீட்டுப் பிள்ளை, உன்பாட்டுக்கு வேலையைப் பார் என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. அவருக்கு அந்தப் பேச்சில் வருத்தம்தான். ஆனால் தூத்துக்குடி விஷயமும் அதோடு சேர்ந்து அவர் காதுக்கு வந்திருந்தது. இனி அவள் எங்கும் போக முடியாது என்பதில் ஏற்பட்ட நிம்மதியும் அந்த முகத்தில் இருந்தது. கெட்டவனிடம் மாட்டியவள் சண்டை போட்டாவது வெளியே வரலாம். இவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

இன்டர்வியூ நடந்த அன்றைக்குச் சொர்ணத்தாய் வழக்கம்போலப் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பேபி டீச்சர் ஆபீஸ் கேட்டுக்கு வந்து நின்றாள். வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள் என்றாள். அவள் தமிழில் பேசிச் சொர்ணத்தாய் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"அன்னைக்கு ஒங்களத் தமிழ்ல பேச விட்டிருக்கணும். என் தப்புதான்."

"தமிழ்லயும் அதே வார்த்தையத்தான் டீச்சர் சொல்லியிருப்பேன்" என்றாள் சொர்ணத்தாய்.

பேச்சு அடங்கியது. அடங்குகிற வரைக்கும் என்று சொன்ன இசக்கியப்பன், அடங்கிய பிறகு அதை ஞாபகப்படுத்தவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வந்தவர்கள் கோவில்பட்டியில் விசாரித்துவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். கடற்கரை வேலை மாறி மதுரைப் பக்கம் போனான். வகுப்பில் இருந்த இன்னும் சிலரும் பேங்கு, கோர்ட்டு என்று நல்ல இடங்களுக்குப் போனார்கள். சொர்ணத்தாயின் இங்கிலீஷ் அவர்கள் எல்லோருடையதையும் விட நன்றாக வந்தது. பேசப் பழக ஆள் இல்லாததால், ஆபீஸ் கடிதாசிகளைச் சத்தம் போட்டுப் படித்தே பழகினாள். அது நன்றாக வர வர, முதலாளிக்கு அவள் இல்லாமல் முடியாது என்பதும் கூடிக்கொண்டே போனது.

எண்பத்தாறில் கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். பரமசிவன் அவளை முன்னால் நிறுத்திப் பேச வைத்தார். வந்தவர் அசந்துபோனார். பேரம் முடிந்து காப்பி குடிக்கும்போது, இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, பெரிய ஊரில் பெரிய வேலைக்குப் போகாமல் இங்கே எப்படி இவ்வளவு காலம் இருக்கிறீர்கள் என்று அவளிடம் மரியாதையாகக் கேட்டார்.

சொர்ணத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். மாடி வகுப்பில் நின்றது போலவே நின்றாள்.

"ஹி கீப்ஸ் மீ ஹியர், சார்" என்றாள்.

கல்கத்தாக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வார்த்தை வெறும் இங்கிலீஷ்தான். புரிந்ததுபோல மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னம்மா கேக்காவ? நீ என்ன சொன்னே?"

"பதினோரு வருசமா மொதலாளி என்னைய நல்லா வச்சிருக்காவன்னு சொன்னேன்."

பரமசிவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வந்தவருக்குச் சரியாகக் காதில் விழுந்ததோ என்னவோ, இங்கிலீஷில் இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லம்மா என்றார்.

சொன்னாள்.