வீரணன் துப்பாக்கிக்கு வார் போட்ட கதை

கல்லல் மீனாள் ஆச்சி வீட்டுக் காவல்காரர் வீரணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய தலைப்பாவைத்தான் சொல்வார்கள். காக்கித் துணி, ஐந்து முழம். காலையில் கட்டினால் படுக்கும்போதுதான் அவிழும். சண்டைக் காலத்தில் ஆறு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அதில் ஐந்தரை வருஷம் சமையல்கட்டில் என்பதை அவர் மனைவி அக்கம்மாள் மட்டும் சொல்வாள். ஊர் திரும்பிய அன்று தலைப்பாவோடு பெரிய வீதியில் நடந்தார். அவர் தெரு ஆட்கள் அந்த வீதியில் அப்படி நடக்கிற வழக்கம் அதுவரை இல்லை. ஒருத்தர் கழற்றச் சொன்னார். வீரணன் கழற்றவில்லை. இனி எவர் முன்னாலும் கழற்றுவதில்லை என்று அன்றே முடிவு செய்து, இருபத்தைந்து வருஷம் அப்படியே இருந்தார். அந்த முடிவுக்குச் சோதனை ஒரு தோல் வாரில் வரும் என்று பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

துப்பாக்கி ஆச்சி வீட்டுடையது. ஆச்சியின் வீட்டுக்காரர் பர்மாவிலிருந்து கொண்டுவந்த கார்பைன்; மற்றத் துப்பாக்கிகளைவிடக் குட்டை. லைசென்ஸில் ஆச்சி பெயரோடு, எடுத்துச் செல்லும் ஆள் என்று வீரணன் பெயரும் இருந்தது. அவர் அதைச் சுட்டதே இல்லை. துடைப்பார், எண்ணெய் போடுவார், ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார். அதற்கு வெளிவேலை என்று ஒன்று வந்தால் எலெக்ஷன் சமயத்தில்தான். அப்போது லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஸ்டேஷன் எட்டு மைல். வீரணனிடம் இருந்தது சைக்கிள்.

அறுபத்தேழு எலெக்ஷனுக்குக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பெடலை மிதிக்க மிதிக்கக் கயிறு சறுக்கிக்கொண்டே வந்தது. ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை துப்பாக்கியில். நாலாவது மைலில் ஒரு வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தது. துப்பாக்கி முழங்கைக்கு இறங்க, சைக்கிள் வாய்க்காலுக்குள் இறங்கியது. தலைப்பா நனையவில்லை என்பதை வீரணன் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். துப்பாக்கிக் கட்டையில் விழுந்த கீறலை ஆச்சி மறக்கவில்லை. எழுபத்தொன்றில் அடுத்த எலெக்ஷன் வந்ததும் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"வீரணா, இன்னொரு கீறல் விழுந்துச்சு, துப்பாக்கிய வித்துப்புடுவேன். ஒனக்கு ஒரு கம்பு வாங்கித் தாரேன்."

கம்பு வைத்த காவல்காரர்கள் கல்லலில் பதினாலு பேர். துப்பாக்கி வைத்தவர் வீரணன் ஒருவர்தான். நல்ல தோல் வார் போட்டால் விழாது என்று கெஞ்சிக் கூத்தாடி, வார் வளையத்துக்காகக் கட்டையில் துளை போட அனுமதி வாங்கினார். பர்மாவிலிருந்து வந்த பொருளைச் சல்லடை ஆக்கக் கூடாது, ஒரே துளைதான் என்று ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செருப்புக் கடை பெத்தன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம் குழாயைச் சுற்றிய பட்டையில் ஏற்கெனவே ஒரு வளையம் இருந்தது. பின்பக்க வளையத்தைக் கட்டையின் அடியில் வைப்பதா, பக்கவாட்டில் வைப்பதா என்பதுதான் கேள்வி. அடியில் வைத்தால் தோளில் தொங்கவிட வாகாக இருக்கும், சட்டென்று எடுக்கலாம், ஆனால் சறுக்கும். பக்கத்தில் வைத்தால் மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளலாம். துப்பாக்கி முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், குட்டிக்கரணம் போட்டாலும் நழுவாது. ஆனால் மாட்டவும் எடுக்கவும் தலைவழியாகத்தான் முடியும். பெத்தன் இதைச் சொல்லிவிட்டுத் தலைப்பாவைப் பார்த்தான்.

வீரணன் பத்து நாள் யோசித்தார். சும்மா யோசிக்கவில்லை. அக்கம்மாளின் உலக்கையில் கயிறு கட்டி, ஒரு நாள் தோளில், ஒரு நாள் குறுக்கே என்று மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சைக்கிள் விட்டார். உலக்கை துப்பாக்கியைவிட நீளம் என்பதால் வீட்டு வாசல் நிலையில் இரண்டு தடவை சிக்கிக்கொண்டார். யார் வீட்டில் நெல் குத்தப் போகிறார் என்று ஊரே விசாரித்தது. அவருடைய சொந்த வீட்டில் நெல் குத்தாமல் கிடந்தது. பதினோராம் நாள் அக்கம்மாள் வாசலை மறித்தாள்.

"மாட்டுக்குக் கழுத்துப்பட்டைய தலைவழியாவா மாட்டுறீக? கொக்கி வச்சுத்தான மாட்டுறீக? அதே மாதிரி நெஞ்சுக்கு நேரா ஒரு கொக்கிய வச்சுத் தொலைங்க. உலக்கையக் குடுங்க."

வீரணன் உலக்கையைக் கொடுத்தார். நேரே பெத்தனிடம் போய், தமக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றியதாகச் சொன்னார்.

பக்கவாட்டில் துளை போட்டு வளையம் வைத்தாயிற்று. இரட்டைத் தையல் போட்ட எருமைத்தோல் வார், நடுவில் இரும்புக் கொக்கி. ஒப்படைக்கப் போன எட்டு மைலும் துப்பாக்கி இம்மியும் நழுவவில்லை. ஸ்டேஷனுக்கு முந்திய அரை மைல் மட்டும் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் சைக்கிள் எகிறி எகிறி, வார் இழுத்து, கொக்கியின் முள் வளைந்து இறுகிவிட்டது. அது வீரணனுக்குத் தெரியாது. தலை நிமிர்ந்து ஸ்டேஷனுக்குள் போனார்.

அங்கே பெரிய பண்ணைக்காரர்கள் ஆறேழு பேர் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். வீரணன் முறை வந்தது. நெஞ்சில் கை வைத்துக் கொக்கியை இழுத்தார். வரவில்லை. ஒரு கான்ஸ்டபிள் வந்து இழுத்தார். இன்னொருவர் வீரணனின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, முதலாமவர் மறுபடி இழுத்தார். வீரணன்தான் முன்னும் பின்னும் போய்வந்தார். பண்ணைக்காரர்கள் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர், நல்ல மாதிரி.

"பெரியவரே, தலைப்பாவக் கழட்டிட்டு உருவுங்க. ஒரு நிமிச வேலை."

வீரணன் கையை இறக்கிக்கொண்டார். "அது மட்டும் ஆகாதுங்கய்யா. வேணும்னா துப்பாக்கியோட என்னையும் ரெஜிஸ்டர்ல எழுதி உள்ள வச்சுக்கங்க."

எலெக்ஷன் முடிய இன்னும் பதினாலு நாள் இருக்கிறதே, அதுவரை இப்படியே நிற்பீர்களா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நிற்பேன் என்றார் வீரணன். பண்ணைக்காரர்களில் ஒருவர், இவன் தலையில் என்ன கிரீடமா இருக்கிறது என்றார். வீரணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பது வயசில் அத்தனை பேர் முன்னால் அழுவதைவிட வேறு கேவலம் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்.

"கத்தி இருந்தா வார அறுத்துருங்கய்யா."

எருமைத்தோல் லேசில் அறுபடவில்லை. கான்ஸ்டபிள் மூச்சு வாங்க அறுத்து முடித்ததும் துப்பாக்கி அவர் கைக்கு வந்தது. ஒரு கீறல் இல்லை. கார்பைன் ஒன்று, வார் துண்டு இரண்டு என்று எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். மறுபடி யாரும் சிரிப்பதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எலெக்ஷன் முடிந்து துப்பாக்கியை வாங்கியவர், அதை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, எட்டு மைலும் சைக்கிளைத் தள்ளியே வந்து பெத்தன் கடையில் நின்றார். பெத்தன் வார் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தான். பித்தளைக் கொக்கி போட்டால் வளையாது என்றான்.

"கொக்கியே வேணாம். தோள்ல தொங்குற மாதிரி தச்சுக் குடு."

துளை பக்கவாட்டில் இருப்பதால் கொஞ்சம் கோணலாகத் தொங்கும் என்றான் பெத்தன். "சறுக்கவும் செய்யுமேண்ணே."

"சறுக்குனாத் தூக்கி விட்டுக்கிறேன்." வீரணன் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டார். "எங்க அய்யா சாகுற வரைக்கும் இந்த வீதியில துண்ட கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் நடந்தாரு. ஒரு நாளு தோள்ல போட்டதில்ல."

பெத்தன் ஊசியில் நூல் கோத்தான்.