பேட்டரிப் பெட்டியும் ஆறு புளியமரங்களும்

எண்பதுகளின் பின்பாதியில், எங்கள் பக்கமெல்லாம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ஒருநாள் காலையில், வடக்கனந்தலில் நடவு வேலை செய்யும் ஒரு அக்காவை அவர் புருஷன் தூக்கிக்கொண்டு வந்தார். வயலிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். நாடியைப் பிடித்தால் நிமிஷத்துக்கு முப்பதுகூட இல்லை. இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சாரம் பாதி வழியில் தடைபட்டுவிட்டது என்றார் டாக்டர். கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை நுழைத்து, நுனி இதயத்தின் உள்சுவரைத் தொடும்வரை மெதுவாகத் தள்ளினார். வெளியே இருந்த முனையை டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுள்ள பேட்டரிப் பெட்டியில் மாட்டியதும், நாடி எழுபதுக்கு வந்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது.

ஆனால் அது தற்காலிகம்தான். நிரந்தரக் கருவி வைக்கப் புதுச்சேரி போயாக வேண்டும். போராட்டத்தில் அடிபட்டவர்கள் வந்தபடி இருந்ததால் டாக்டரால் நகர முடியவில்லை.

"நீ கூடப் போம்மா. பெட்டியில லைட் மின்னிக்கினே இருந்து நாடி மட்டும் நின்னுச்சுன்னா, ஒயர் நுனி நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். கரண்டைக் கூட்டுற இந்தத் திருகு இருக்கே, அதை ஏத்து. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை" என்றார்.

தியாகதுருகம் தாண்டியதும் எங்களை ஏற்றிவந்த ஆஸ்பத்திரி வேன் நின்றது. ரோட்டின் குறுக்கே வரிசையாக, போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த ஆறு புளியமரங்கள். அவர்களில் நாற்பது ஐம்பது பேர் ஓடிவந்தார்கள். நான் பயத்தில் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா பெட்டி அது?" என்றார், கையில் கோடாலி வைத்திருந்த ஒருவர்.

"இது நின்னா இந்த அக்கா நெஞ்சும் நின்னுடுங்க."

அவர் கோடாலியைக் கீழே போட்டார். "ஸ்ட்ரெச்சரைப் புடிங்கடா!"

எட்டுப் பேர் தூக்கினார்கள். நான் பெட்டியை மார்போடு அணைத்தபடி, ஒயர் இழுபடாமல் ஒட்டியே நடந்தேன். நாலாவது மரத்தைத் தாண்டும்போது ஒருவருக்குக் கால் வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் குலுங்கி, அக்காவின் கண்கள் மேலே செருகின. லைட் மின்னுகிறது. கழுத்தில் விரல் வைத்தால் நாடியே இல்லை.

"போயிட்டியா!" என்று புருஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

"எறக்குங்க!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. தார் ரோட்டில் இறக்கினார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துத் திருப்பி, திருகை ஏற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஏற்றினேன். விரலுக்கடியில் ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொன்று. பிறகு லைட்டும் நாடியும் ஒன்றாகவே போயின.

அக்கா கண்ணைத் திறந்து, "இன்னா, வூடு வந்துடுச்சா?" என்றார். சுற்றி நின்ற அத்தனை ஆம்பிளைகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

மீதி இரண்டு மரங்களையும் தாண்டி, அவர்களுடைய டிராக்டரிலேயே வைக்கோல் பரப்பி உளுந்தூர்பேட்டை வரை கொண்டுவந்து, ஒரு காரும் பிடித்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் புதுச்சேரியில் பெட்டியைப் பார்த்த பெரிய டாக்டர், "திருகை ஏத்தினது யாரு?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்து, "நான்தாங்க சார்" என்றேன். அவர் தன் மாணவர்களைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் என்னையே சொல்லவைத்தார்.

அந்த அக்கா அடுத்த வருஷமே நடவுக்கு இறங்கிவிட்டார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பல வருஷங்கள் ஆகின்றன; ஆனாலும் உள்ளே அவ்வளவு பயம் இருந்தபோதும் என் கை செய்ய வேண்டியதைச் செய்தது என்ற பெருமைதான், இன்றைக்கும் என்னை நிமிர்ந்து நடக்கவைக்கிறது.