வெயில் விழும் இடத்துக்குப் பேர் வைத்தவர்கள்

எங்கள் எல்மாஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குத் தலைக்கனம் வந்துவிடும். வந்தால் வரட்டுமே!

எங்கள் ஊர் மலையின் நிழல் சரிவில் இருக்கிறது. இலையுதிர்காலம் வந்தால் வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஓடைக்கு அந்தப் பக்கம், துர்சுன் அண்ணன் ஊரில், நாள் முழுக்க வெயில் கொட்டும். வானத்தில் இருக்கும் சூரியனை எங்கள் பள்ளத்தாக்கில் குன் என்போம். அது விழுகிற இடம் குனெஷ். இன்று துருக்கி முழுக்கச் சூரியனுக்கே குனெஷ் என்றுதான் பேர்.

எல்மாஸ் புருஷனை இழந்தவள். தர்ஹானா போட்டு விற்பதுதான் பிழைப்பு. தயிரையும் கோதுமை மாவையும் மிளகாயோடு பிசைந்து, புளிக்கவிட்டு, காயவைத்து உதிர்க்க வேண்டும். எங்கள் ஊரின் குளிர்காலச் சூப்பே அவள் கையில்தான். ஒரு வருஷம் அடைமழை. மழை விட்ட அன்றே காயாவிட்டால் மாவு மொத்தமும் குப்பைக்குத்தான். நானும் அவளும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்து அவர்கள் களத்துக்குப் போனோம்.

களம் நிறைய அவர்கள் விரிப்புகள். துர்சுன் அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இந்த வருஷம் எடமில்ல எல்மாஸ். குனெஷ்ங்கிற பேரே எங்க சரிவைப் பாத்து வச்சதுதான். நெழல்காட்டு ஆளுங்களுக்கு அதுல என்ன பாத்தியதை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்மாஸோ அண்டாவை நிதானமாக இறக்கி வைத்தாள்.

"அண்ணே, நீங்க பொறந்ததே வெயில்ல. எந்தப் பக்கம் காலை நீட்டினாலும் வெயிலு. அது விழுற எடத்துக்குத் தனியா ஒரு பேரு உங்களுக்கு எதுக்கு? எங்க பக்கம் நடுங்கிக்கிட்டு நின்னவன்தான் 'அதோ, அங்க விழுது'ன்னு கை நீட்டியிருப்பான். பேரு வச்சது எங்க ஆளு. இன்னிக்கு நாடே அதைத்தான் சொல்லுது."

துர்சுன் அண்ணனின் மனைவிதான் முதலில் சிரித்தாள். "வாயை மூடிக்கிட்டு எடத்தை விடுய்யா" என்றாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே தன் விரிப்பை ஓரமாக இழுத்தார். களத்தின் நட்டநடுவில் எங்கள் மாவு பரந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ நாங்க எதுக்குத்தான் பேரு வச்சோமாம்?" என்றார் அவர், விடாமல்.

"நெழலுக்கு" என்றாள் எல்மாஸ், குனிந்து மாவைக் கிள்ளி வைத்தபடியே. "ஆடு மாட்டோட கோடையில எங்க பக்கம் வந்து படுக்குறீங்களே, ஒரு நாளாவது எடமில்லைன்னு சொல்லியிருக்கோமா?"