பல் பிடுங்கும் கடையில் பாசகாயே

சரகோசா நகரத்தில், சான் பாப்லோ கோயிலுக்குப் பின்புறம் லுபெர்சியோவின் சவரக்கடை இருந்தது. கத்தி, கிண்ணம், பல் பிடுங்கும் குறடு எல்லாம் அவருடையவை. சுவரில் தொங்கிய கிதார் மட்டும் அவர் மனைவி ஒரோசியாவுடையது. கிதார் இல்லாத சவரக்கடை எங்கள் ஊரில் ஏது? தாடியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டா உட்காருவான்? எடுத்து நாலு தட்டு தட்டத்தான் செய்வான். ஆனால் ஒரோசியாவின் கிதாரை அவளைக் கேட்காமல் எவனும் தொட்டதில்லை. அவள் வாய்க்கு அவ்வளவு மரியாதை.

அவள் நரம்பு திரிக்கிற வீட்டுப் பெண். எப்ரோ ஆற்றங்கரையில் ஆட்டுக்குடலை அலசி, முறுக்கி, காயவைத்து வளர்ந்தவள். தன் சவரக்கடைக்குக் கிதார் நரம்பு வாங்க வந்த லுபெர்சியோ, அந்தக் காலத்துக் கிதாரில் ஐந்து ஜோடி நரம்பு என்பதால், பத்து என்று கணக்குப் போட்டுக் கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முதல் நரம்பு எப்பவும் ஒத்தைதான்யா. பத்தாவதை எங்க கட்டுவ, மீசையிலயா?"

அவர் மீசையைத் தடவிப் பார்த்தார். அந்த அப்பாவித்தனத்தில்தான் அவள் கவிழ்ந்தாள். சங்கீதத்துக்கும் அவருக்கும் வெகுதூரம் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அதனால் என்ன, இரண்டு பேருக்கும் போதுமான சங்கீதம் இவளிடம் இருந்தது.

அவர் பல் பிடுங்கும்போது அவள் பாசகாயே என்கிற, சுற்றிச் சுற்றி வரும் தெருநடை மெட்டை வாசிப்பாள். நகங்களால் எல்லா நரம்புகளையும் சேர்த்து மேலும் கீழுமாக வருடிக்கொண்டே போவாள். சுற்று முடிகிற இடத்தில் நாலு விரலும் ஒன்றாக விழுகிற பெரிய அடி ஒன்று வரும். அந்த அடியில் பல் வெளியே வந்துவிடும். பாட்டில் மயங்கி வலி தெரியாமல் போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. சுத்தப் பொய். வந்தவர்கள் எல்லாரும் கூரை அதிரத்தான் கத்தினார்கள்.

உண்மை ஒரோசியாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பியவள், குறடும் கையுமாகப் புருஷன் வெளிறிப்போய் நிற்பதைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவர், "யாருக்குய்யா பல் வலி, எனக்கா உனக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கிதாரை எடுத்தாள். பெரிய அடி விழுந்ததும் அந்தக் கைக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. அதன் பிறகு அதைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. தன் பயம் பெண்டாட்டிக்குத் தெரியாது என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவர் எதிர்ச் சவரக்கடைக்காரர். கிதாரைக் காட்டி ஆளை மயக்குகிறார்கள், தொழில் தெரியாதவர்கள் என்று நாவிதர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். சங்கத்தின் பரிசோதகர் தோன் பிரவுலியோ நேரில் வந்து இறங்கினார். பல்வலியில் அவர் கன்னம் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது.

"என் பல்லையே பிடுங்கு, பாக்குறேன். கிதார் கூடாது. கை நடுங்குச்சுன்னா இன்னையோட கடையை மூடு."

முறைக்காகக் காத்திருந்த, கொம்பால் என்ற கோவேறு கழுதைக்காரர், மென்றுகொண்டிருந்த ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டு, "அக்கா வாசிக்கலேன்னா நான் நாளைக்கு வரேன்" என்று எழுந்தார்.

"உக்காருடா, பெரிய வீரன்!" என்றாள் ஒரோசியா. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லுபெர்சியோ குறட்டால் பல்லைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. போச்சு, கடை போச்சு, இந்த மனுஷன் இனிமேல் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்போது நாற்காலியின் மரக்கையில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. தோன் பிரவுலியோவின் விரல்கள். கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்து, பயத்தில் அவர் நகங்களால் மரத்தை வருடிக்கொண்டிருந்தார். கீழே, மேலே, கீழே. ஒரோசியா காதைத் தீட்டினாள். பாசகாயே! மனுஷர் பரிசோதகராகிப் பத்து வருஷம்தான் இருக்கும். சவரக்கடையில் கிதாரும் கையுமாகக் காத்துக்கிடந்தது மீசை முளைத்த நாளிலிருந்து. கை தன் பழக்கத்தை விடுமா? சுற்று முடிவுக்கு வந்தது. நாலு விரலும் சேர்ந்து மரத்தில் விழுந்தன.

லுபெர்சியோ இழுத்தார்.

தோன் பிரவுலியோ போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "யாரு வாசிச்சது? எனக்கு நல்லாக் கேட்டுச்சு!" என்று உறுமினார்.

"நீங்கதான் ஐயா," என்றாள் ஒரோசியா. "கொஞ்சம் அவசரப்பட்டீங்க. மத்தபடி அருமை."

கொம்பால் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார். பரிசோதகர் தன் கையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இருமினார்.

"பல் சுத்தமா வந்திருக்கு. கடை நடக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே நோயாளிக்குக் கிதார் வாசிக்கக் கூடாது."

"நோயாளிக்கு நான் என்னைக்கு ஐயா வாசிச்சேன்? எங்க வீட்டுக்காரருக்குத்தான் வாசிக்கிறேன்."

குறடு கழுவிக்கொண்டிருந்த லுபெர்சியோவின் கை நின்றது. சொல்லியிருக்கக்கூடாதோ என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்டாட்டி புருஷனுக்கு வாசிப்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, தோன் பிரவுலியோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

லுபெர்சியோ காது சிவக்க நின்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

அவர் கொம்பாலைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தட்டித் துடைத்தார்.

"வா கொம்பால், உக்காரு. பயப்படாத, பயமெல்லாம் எனக்குத்தான்," என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "நீ வாசி, ஒரோசியா."