பெத்தவங்க யாராவது ஒருத்தர் வரணும்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டியது. அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. சேவூர்ப் பக்கம் ஒருவர் காமாலைக்கு வேர் அரைத்துக் கொடுப்பதாகக் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டிப்போய் அதைக் குடிக்க வைத்தாள். மற்ற நாட்களில் மோர்ச்சோற்றைக் கரைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் ஒற்றை அறையில் தனியாகப் படுத்துக் கிடந்தேன். உடம்பு தேறிப் பள்ளிக்கூடம் போனபோது காலாண்டுப் பரீட்சை முடிந்து விடைத்தாள்களும் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

வகுப்பாசிரியை டாக்டர் சீட்டு கேட்டார். இல்லை என்றேன். அந்த வருடம் எங்கள் வகுப்பில் சில பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்தார்கள். எல்லோரும் பனியன் கம்பெனிக்குத்தான் போயிருந்தார்கள். நானும் அப்படிப் போய்விட்டு, பிடிக்காமல் திரும்பி வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். என் முகம் எவ்வளவு வற்றியிருந்தது என்று பார்த்திருந்தாலே அவருக்குத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

"பெத்தவங்க யாராவது ஒருத்தர் வரணும். வந்து எங்கிட்ட விவரம் சொல்லணும். அதுவரைக்கும் கிளாஸ்ல உட்கார முடியாது" என்றார்.

மற்றப் பிள்ளைகளுக்கு இது ஒரு காலை வேளையில் முடிகிற காரியம். எனக்கு அப்படி இல்லை. அப்பா எங்களை விட்டுப் போய் அப்போது ஆறேழு மாதம் ஆகியிருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்று தொடங்கிய பேச்சு, வீட்டுக்கு வந்து கைநீட்டலில் முடிந்தது. அம்மா, "இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க" என்றாள். அப்பா சட்டைகளை ஒரு கம்பெனிப் பையில் திணித்துக்கொண்டு போனார். வேறு பெண் கிடையாது, குடி கிடையாது. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, கூட வேலை செய்பவர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். யார் முதலில் பேசுவது என்பதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்த வழக்கு.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் நாள் முழுக்க நின்று துணி பார்க்கும் செக்கிங் வேலை முடிந்து வந்து, காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷிப்மென்ட் நேரத்தில் அரை நாள் கூட விடமாட்டார்கள் என்றாள். பிறகு குரல் மாறியது.

"பள்ளிக்கோடத்துல சேத்துனது யாரு? உங்கப்பன்தானே? அவனையே வரச் சொல்லு."

மறுநாள் பள்ளிக்கூடம் போகாமல், இரண்டு பஸ் மாறி அப்பாவைத் தேடிப் போனேன். சாயப்பட்டறை கேட்டில் நிற்கவைத்து உள்ளே ஆள் அனுப்பினார்கள். அப்பா முழங்கை வரைக்கும் நீலமாக வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. காமாலை வந்ததே அவருக்குத் தெரியாது. "ஏஞ்சாமி இப்படி எளைச்சுப் போயிட்டே" என்று கன்னத்தைத் தொட வந்து, கையிலிருக்கும் சாயத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேக்கரியில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அவளே ஒரு போன் பண்ணிக் கூப்புடட்டும். வாரேன்."

திரும்பி வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் அரிசியைக் களைந்தபடியே, "நான் எதுக்குக் கூப்புடோணும்? அவன் பெத்த புள்ளை இல்லையா?" என்றாள். போன் அவள் பக்கத்திலேயே கிடந்தது.

இப்படியே நான் இருவருக்கும் நடுவில் போய் வந்தேன். காலையில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புவேன். பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு நாள் வராந்தாவில் நிற்க விட்டார்கள். உள்ளே பாடம் நடக்கும். ஜன்னலோரத்தில் நின்று கொஞ்சம் எழுதிக்கொண்டேன். பிறகு தலைமையாசிரியை பார்த்துவிட்டு, வெயிலில் நின்று மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று வகுப்பாசிரியையைக் கடிந்துகொண்டார். ஆள் இல்லாமல் வராதே என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வழியாக அப்பா திங்கட்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டார். அம்மா கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, உனக்காக வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமையே சீருடையைத் துவைத்து, சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்து வைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றேன். பிரேயர் முடிந்தது. இன்டர்வெல் மணி அடித்தது. என் வகுப்புப் பெண்கள் கேட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கை காட்டினார்கள். அப்பா வைத்திருந்தது போன்ற டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோட்டை எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் வெளியே வந்தபோது மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா வரவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வந்தாரா?" என்பதுதான். அதுவரைக்கும் அவன் இவன் என்று பேசியவள் அன்று "வந்தாரா" என்றாள். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

அதன்பின் நான் வீட்டிலேயே இருந்தேன். லைன் வீடுகளின் சொந்தக்காரர்கள் மாடியில் குடியிருந்தார்கள். கீழே அவர்களுடைய சின்ன பனியன் தையல் யூனிட். பத்துப் பதினைந்து மெஷின் ஓடும். அவர்களுக்கும் என் வயதில் ஒரு பெண் உண்டு. மெட்ரிக் பள்ளி வேன் அவளை வாசலிலேயே ஏற்றிப் போகும். பகலில் நான் வாசலில் உட்கார்ந்திருப்பதை வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே வந்து விசாரித்தார். அந்தக் குரலில் இருந்த பிரியத்தை நம்பி எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க ஒருக்கா எங்க பள்ளிக்கோடத்துக்கு வர முடியுங்களா? எனக்குக் காமாலை வந்தது உங்களுக்குத் தெரியுமுங்களே" என்று கேட்டேன்.

அவர் என் தலையைத் தடவினார். "அது பெத்தவங்க பாத்துக்கற காரியம் கண்ணு. நாங்க தலையிட்டா நல்லா இருக்காது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா உக்காந்திருந்தா மனசுதான் கெடும். கீழ வந்து பிசிறு வெட்டு அம்மிணி. பொழுதும் போகும்" என்றார்.

தைத்த பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை அது. யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு மூட்டை துணிக்கு முன்னால் உட்கார வைத்துக் கையில் குட்டிக் கத்தரியைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை கிடைத்த கூலியை அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் என்னவாயிற்று என்று கேட்பாள் என அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வகுப்பாசிரியை வீடு தேடி வந்தார். நின்றுபோன பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அன்று கம்பெனி விடுமுறை, அம்மா வீட்டில் இருந்தாள். நான் யூனிட்டிலிருந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து நின்றேன். டீச்சர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவிடம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றவர்கள் கடமை, அனுப்பாவிட்டால் கேஸ் வரும் என்று சொன்னார்.

"அவங்கப்பாவைக் கேளுங்க டீச்சர்" என்றாள் அம்மா. நம்பரையும் அவளே மனப்பாடமாகச் சொன்னாள்.

டீச்சர் தன் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அப்பாவின் குரல் அந்தச் சின்ன அறையில் கேட்டது. "புள்ளை அவங்கம்மாகிட்டத்தானுங்களே இருக்குது. அங்கயே கேளுங்க" என்றார். "அவங்களும் பக்கத்துலதான் இருக்காங்க, பேசறீங்களா?" என்று டீச்சர் கேட்டார். அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தப் பக்கம் அம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் லைன் துண்டாகிவிட்டது.

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு நீ வந்துரு. யாரும் வர வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார்.

யாரும் வர வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஒரு வாக்கியம்தான்.

மறுநாள் போனேன். என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடைசி பெஞ்சில் ஓரமாக இடம் கொடுத்தார்கள். கணக்கில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றின் நடுவில் இருந்தார்கள். முன்பு நான் கணக்கில் முந்தி நிற்பவள். இப்போது போர்டைப் பார்த்தால் கண்ணில் நீர் கட்டியது. பக்கத்துப் பெண் மெதுவாக, உங்கப்பாம்மா போன்லயே சண்டை போட்டாங்களாமே என்று கேட்டாள். பொங்கல் லீவு முடிந்து எல்லோரும் திரும்பிப் போனபோது நான் போகவில்லை. காலையில் கத்தரியை எடுத்துக்கொண்டு கீழே யூனிட்டுக்குப் போனேன். அம்மா பார்த்தாள். டிபன் பாக்ஸை நிரப்பி என் கையில் கொடுத்தாள். அக்கம்பக்கத்தில், "அவளுக்குப் படிப்பு ஏறலீங்க" என்று சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. பிசிறு வெட்டி, டெய்லர்களுக்குக் கைமடித்துக் கொடுத்து, ஓவர்லாக் மெஷினில் தைக்கப் பழகி, இப்போது ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி, என் மகள் ஆறாவது படிக்கிறாள். என் கல்யாணத்தன்று மணமேடையில்கூட அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். யார் முதலில் பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அவளே அவருக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறாள். அவர் அவளைத் தவிர வேறு யார் கையிலும் மாத்திரை வாங்குவதில்லை. சேர்ந்து சீரியல் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் அங்கே சாப்பிடப் போயிருந்தோம். மூலனூரிலிருந்து யாரோ கொண்டுவந்த முருங்கைக்காயைப் போட்டு அம்மா குழம்பு வைத்திருந்தாள். என் மகள் கணக்கில் நூறு வாங்கியதை என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். அப்பா, "அவங்கம்மாளும் நல்லாப் படிச்சவதானுங்க மாப்பிள்ளை" என்றார். அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள் என்று இவர் சும்மா கேட்டார்.

அம்மா சிரித்தாள். வெட்கப்படுகிற சிரிப்பு.

"அதை ஏங் கேக்கறீங்க. பள்ளிக்கோடத்துல பெத்தவங்களை வரச் சொல்லியிருந்தாங்க. நான் போயிருந்தா காரியம் அப்பவே முடிஞ்சிருக்கும். நாம போகலைன்னா இவரு வந்துதானே ஆகோணும், அந்தச் சாக்குல ஊட்டுக்கு வருவாருன்னு இருந்துட்டேன்."

அப்பா வாய் கோணியபடி சிரித்தார். "நான் அன்னைக்குக் கெளம்பி பாதி தூரம் வந்துட்டேனுங்க. அப்பறம் திரும்பிட்டேன். நான் போகலைன்னா இவ போன் பண்ணித்தானே ஆகோணும்னு பாத்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா அவர் தோளில் லேசாகத் தட்டினாள். என் கணவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நான் ரோட்டுல நின்னேனுங்கம்மா" என்றேன். "என்னைப் பத்தி யாரும் நெனைக்கலீங்களா?"

அம்மா புரியாமல் பார்த்தாள். "உன்னை வெச்சுத்தானே கண்ணு எல்லாமே" என்றாள்.

"உடு சாமி. இப்ப நல்லாத்தானே இருக்கறே" என்றார் அப்பா.

என் மகள் அவரிடம், "அப்புச்சி, அப்புறம் அம்மா ஸ்கூலுக்குப் போனாங்களா?" என்று கேட்டாள். அவர் போனாள் போனாள் என்று சொல்லிக்கொண்டே இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தேடினார். அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

அன்று டீ குடிக்காமல் கிளம்பிவிட்டேன். சண்டை போடவில்லை. நோய்க்காரரிடம் என்ன சண்டை போடுவது? ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் நான்தான் லீவு போட்டு அவரைக் கூட்டிப்போகிறேன். பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போனால் வேலை முடிந்ததும் எழுந்துவிடுகிறேன். ஏன் முன்னைப்போல் உட்கார்ந்து பேசுவதில்லை என்று அம்மா என் கணவரிடம் கேட்டாளாம்.

சமீபத்தில் குண்டடத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் அம்மாவைச் சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புருஷனோடு அத்தனை வருடம் எப்படிப் பேசாமல் இருந்தாய் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெத்தவங்களை வரச் சொன்னது, தான் போகாமல் இருந்தது, அவர் பாதி வழியில் திரும்பியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அப்பா தலையை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார். கேட்டவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி திரும்பி, "நீதானா அந்தப் புள்ளை?" என்று என்னைக் கேட்டாள்.

நான் மகளைக் கூட்டிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன்.