மெனி அக்காவின் வினைச்சொல்

பூதக்கண்ணாடியைக் கைக்குட்டையால் மூன்று முறை துடைத்த பிறகுதான் அக்கா அடுத்த அட்டையைத் தொடுவார். அழுக்கு இருக்கிறதோ இல்லையோ, மூன்று முறை. பழைய எகிப்திய மொழிக்கு அகராதி செய்கிற எங்கள் அறையில் அவர் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு வினைச்சொல். எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதவில்லை. வாசிக்க வசதியாக நாங்கள் அதை 'மெனி' என்போம். அதனால் அவர் மெனி அக்கா.

"மூணெழுத்துக்கு ஆறு வருஷமா?" என்பார் வாசல் காவலர்.

"அதுல ஒண்ண பாதி நேரம் எழுதவே மாட்டாங்கண்ணே. அதத் தேடத்தான் ஆறு வருஷம்." சிரிக்காமல் சொல்வார்.

படகைக் கொண்டுவந்து கரையில் கட்டுவது என்று பொருள். மனிதனைப் பற்றிச் சொன்னால், இறந்துபோவது. கல்வெட்டிலோ பழஞ்சுருளிலோ இந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்டை. நம் வினைகளின் வாலில் ஆன், ஆள் ஒட்டுவதுபோல அங்கே 'அவன்' என்றால் கொம்பு வைத்த பாம்பு ஒன்று ஒட்டும். முடிந்த செயல் என்று காட்ட, அதற்கு முன்னால் ஒரு நீரலை நுழையும். எல்லாவற்றையும் கையால் வரைவார். பாம்பை மட்டும் கொஞ்சம் பெரிதாக. பெட்டிகள் இரண்டு: கட்டினான், இறந்தான். கல் உடைந்து, படகா ஆளா என்று புரியாத அட்டைகள் மேசை ஓரத்தில் தனியே கிடக்கும். "தெரியலன்னா தெரியல. அவசரப்படுத்தாதீங்க."

அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் எந்திரம் பார்த்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அந்தக் கப்பலிலிருந்து தகவல் நின்றது. இருபத்திரண்டு பேர். ஒரு மிதவைகூடக் கிடைக்கவில்லை. கப்பல் மூழ்கியிருக்கும் என்று அறிவிக்கப்பட்டதும் மற்ற வீடுகளில் எல்லோரும் இறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். அக்கா படிவத்தைத் தொடவில்லை. நாங்களும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சென்ற மாதம் மகள் திறந்தாள். பதினாறு வயது. வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. கடவுச்சீட்டுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அந்தச் சான்றிதழ். எங்கள் அறைக்கே வந்து நின்றாள்.

"அப்பா வருவாருன்னு நெனச்சிருந்தா நான் எடம் கேட்டிருக்கவே மாட்டேம்மா."

அக்கா அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்பலேர்ந்து இப்படி நெனைக்கிற?"

"ரெண்டாவது வருஷத்துலேர்ந்து. உங்கிட்ட சொல்லத்தான் பயம்."

அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அக்கா மட்டும்தான். அதைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, "சான்றிதழ் வாங்க, சாட்சிக்கு ஒரு ஆள் வேணுமாம். நீங்க வர்றீங்களா?" என்றார்.

பதிவு அலுவலக எழுத்தர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தியே பேசினார். "இறந்த தேதி மட்டும் காலியா இருக்கும்மா. தகவல் நின்ன நாளப் போட்டுருங்க."

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாதே."

"தெரியாதுதான். ஆனா கட்டத்த வெறுமனே விட முடியாதும்மா."

அக்கா அந்தத் தேதியை எழுதினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எழுத்தர் முத்திரையைக் குத்தினார். அது கணவரின் பெயர்மேல் பாதி விழுந்தது. மகள் தாளை எடுத்து மடிக்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து, ஈர மை காயும்வரை, அந்தப் பெயரின்மேல் மெல்ல ஊதிக்கொண்டே இருந்தார்.